ஜூலையில் நியூசிலாந்தின் தென்கோடிக்கு அம்மாவோடு போகிறோம்: மழையும் குளிரும் எப்படி?

கடலோர ஒழுங்கை | மே 6, இரவு 9.15

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். என் தங்கச்சி நியூசிலாந்தின் தென்கோடியில், இன்வர்கார்கிலில் இருக்கிறாள். ஜூலை நடுப்பகுதியில் அவளுக்குப் பிள்ளை கிடைக்க இருக்கிறது. முதல் பிள்ளை. அம்மா மூன்று மாதம் கூட நிற்கப் போகிறார். கொண்டுபோய் விட நானும் கணவரும் ஜூன் கடைசியில் வெளிக்கிடுகிறோம்.

விசாரிக்கிற எல்லாரும் "டிசம்பரில் போங்கள், இப்போது அங்கே சரியான குளிர், மழை" என்கிறார்கள். பிள்ளை பிறக்கிற மாதத்தை நாங்கள் மாற்ற முடியாதே.

அம்மாவுக்கு 67 வயது. மலைநாட்டில், நோர்வூட்டில் பிறந்து வளர்ந்தவர். மழைக்குப் பயமில்லை, ஆனால் குளிர் பட்டால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து நிற்கும் மில்ஃபோர்ட் சவுண்டைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குப் பல வருட ஆசை. படிப்பித்த காலத்தில் பள்ளிக்கூட நூலகத்துப் புத்தகம் ஒன்றில் அந்தப் படத்தைப் பார்த்தாராம்.

எங்கள் திட்டம்: சிங்கப்பூர் வழியாகக் கிறைஸ்ட்சர்ச். அங்கே வாடகைக் கார். முதல் நாள் ரெக்கப்போ ஏரி, இரண்டாம் நாள் குவீன்ஸ்ரவுன், மூன்றாம் நாள் அங்கிருந்து மில்ஃபோர்ட் போய்த் திரும்புவது, நாலாம் நாள் இன்வர்கார்கில். கணவர் கொழும்பில் இருபது வருடமாக வாகனம் ஓட்டுகிறார். இது சரிவருமா? மழைக்கு என்ன உடுப்பு? போனவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன் | மே 6, இரவு 10.02

தங்கச்சி, மூன்றாம் நாளை உடனே வெட்டுங்கள். வரைபடத்தில் குவீன்ஸ்ரவுனும் மில்ஃபோர்டும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். நடுவில் மலை. வீதி சுற்றிப் போகிறது, ஒரு பக்கமே 288 கிலோமீற்றர். போக நாலு மணித்தியாலம், வர நாலு. படகில் இரண்டு. ஜூன் கடைசியில் அங்கே சூரியன் கிட்டத்தட்ட எட்டரைக்கு எழும்பி ஐந்து மணிக்குப் படுத்துவிடும். எப்படிக் கணக்குப் போட்டாலும் இருட்டில் மலைப்பாதையில்தான் இருப்பீர்கள்.

நான் ஒரு ஆகஸ்டில் போனேன். இங்கே வான் ஓட்டுவதுதான் என் தொழில், ஹட்டன், நுவரெலியா எல்லாம் கண்ணைக் கட்டிவிட்டாலும் போவேன். அந்தத் தைரியத்தில்தான் வெளிக்கிட்டேன். ஒரு சின்னப் பாலம், மரநிழல், காலை ஒன்பது மணி. வீதி வெறும் ஈரம் மாதிரித்தான் தெரிந்தது. பிரேக்கில் கால் வைத்ததும் வண்டி தன்பாட்டில் பக்கவாட்டாகப் போனது. மனைவி என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. கடவுள் புண்ணியம், எதிரே ஒருவரும் வரவில்லை. இறங்கிக் கையால் தொட்டுப் பார்த்தேன், தார் வீதிக்கு மேலே கண்ணாடித் தாள் ஒட்டியது போல ஐஸ். நிறமே இல்லை.

இன்னொன்று. பனியில் வழுக்காமல் இருக்க ரயருக்குப் போடும் சங்கிலியும் காரோடு தருவார்கள். வாங்கும் இடத்திலேயே ஒரு தரம் மாட்டிப் பாருங்கள். எனக்குத் தந்தது அளவு பிழை. மழைக்குள் குந்தியிருந்து அரை மணித்தியாலம் மல்லுக்கட்டிய பிறகுதான் அது தெரிந்தது.

மழைமானி | மே 7, காலை 6.40

மகள், மழையைப் பற்றி நான் சொல்கிறேன். முப்பத்தொரு வருடம் புவியியல் படிப்பித்தவன். மகன் கிறைஸ்ட்சர்ச்சில் இருப்பதால் மூன்று தடவை போய் வந்திருக்கிறேன், இரண்டு தடவை குளிர்காலத்தில்.

"அங்கே மழை" என்று ஒரே வார்த்தையில் சொல்வது "இலங்கையில் மழை" என்று சொல்வது மாதிரி. எங்கே, எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டும். நமக்கு மே, ஜூனில் தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில், கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் கொட்டித் தீர்க்கிறது. அதே காற்று மலையைத் தாண்டி மட்டக்களப்பில் இறங்கும்போது ஈரம் இல்லாத சூட்டுக் காற்று. கச்சான் என்று சொல்லுவோம். நியூசிலாந்தின் தென்தீவிலும் இதே கதைதான். மேற்கே ராஸ்மன் கடல். நாற்பது பாகைக்குத் தெற்கே உலகத்தைச் சுற்றி வீசும் மேற்குக் காற்றைத் தடுக்க அங்கே பெரிய நிலம் கிடையாது. அது முழு ஈரத்தோடு வந்து தென் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் மோதுகிறது. மேற்குச் சரிவில் இருக்கும் மில்ஃபோர்டில் ஆண்டுக்கு 6,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. நேர்கோட்டில் 150 கிலோமீற்றர்கூட இல்லாத தூரத்தில், மலைக்குக் கிழக்கே அலெக்சாண்ட்ரா என்ற ஊரில் 350 அளவுதான். நமது மன்னாரை விடக் காய்ந்த இடம்.

கொழும்பில் ஆண்டுக்குச் சுமார் 2,400. உங்கள் தங்கச்சி இருக்கும் இன்வர்கார்கிலில் அதில் பாதியும் இல்லை. ஆனால் பெய்யும் விதம் வேறு. இங்கே ஒரு மணித்தியாலம் அடித்து ஊற்றி, கொழும்பின் காலி வீதியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும், பிறகு வெயில். அங்கே மெல்லிய தூறல், சரிந்து, காற்றோடு, விட்டு விட்டு நாள் முழுக்க. அளவு குறைவு, நாட்கள் அதிகம். குடை ஒன்றுக்கும் உதவாது. முதல் முறை போனபோது என் குடை இரண்டாம் நாளே கம்பி புரண்டுவிட்டது.

எல்லாரும் பிழையாக நினைக்கிற ஒன்றையும் சொல்கிறேன். மில்ஃபோர்டில் குளிர்காலம் மழை கூடிய காலம் இல்லை. டிசம்பர், ஜனவரியில் மாதத்துக்கு 700 மில்லிமீற்றரைத் தொடும். ஜூலையில் 400 சொச்சம். கோடையில் போகச் சொன்னவர்கள் உண்மையில் கூடுதலான மழைக்குள் அனுப்பப் பார்த்திருக்கிறார்கள்.

கடலோர ஒழுங்கை | மே 7, மாலை 7.30

சேர், இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வட்டவளையின் பெயர் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "அப்ப எங்கட மழைதானே" என்கிறார்.

கொட்டாஞ்சேனை அண்ணா, நகம் பதிந்த கதையைக் கணவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. திட்டத்தை மாற்றுகிறோம்.

உடுப்பைப் பற்றி யாராவது? அம்மாவுக்கு நுவரெலியாவில் வாங்கிய இரண்டு கம்பளிச் சுவெற்றர் இருக்கிறது. புறக்கோட்டையில் பெரிய, மொத்தமான ஜக்கெற் பார்த்தேன். வாங்கலாமா?

ஊசிநூல் | மே 7, இரவு 11.20

அக்கா, அவசரப்பட்டு வாங்காதீர்கள். நான் கட்டுநாயக்கப் பக்கம் ஒரு கார்மன்ற்றில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். குளிர்நாடுகளுக்குப் போகும் மழை ஜக்கெற்தான் எங்கள் லைனில் ஓடுகிறது.

மொத்தமாக இருப்பது சூடு தரும் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். நடைபாதையில் விற்கும் அந்தப் புசுபுசு ஜக்கெற்றில் தண்ணீர் இறங்கினால் உள்ளே இருக்கும் பஞ்சு கட்டியாகிவிடும். பிறகு நனைந்த தலையணையைச் சுமப்பது மாதிரி. உடம்பைச் சுற்றி நிற்கும் காற்றுத்தான் சூட்டைப் பிடித்து வைக்கிறது, துணியின் பாரம் அல்ல. அதனால் மெல்லிய மூன்று உடுப்பு, ஒன்றின் மேல் ஒன்றாக.

தோலோடு ஒட்டி கம்பளி அல்லது பொலியெஸ்ரர் உள்ளாடை. பருத்தி வேண்டவே வேண்டாம். பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு நெஞ்சோடு ஈரமாக ஒட்டி நிற்கும், அம்மாவுக்குக் குளிர் ஏறுவதே அதனால்தான் வரும். அதற்கு மேல் அந்த நுவரெலியாச் சுவெற்றர். கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் சூடு மிஞ்சும், அதனால் அது அருமையான சாமான். எல்லாவற்றுக்கும் மேல் மழையும் காற்றும் புகாத மெல்லிய ஜக்கெற்.

அந்த மேல் ஜக்கெற்றைக் கடையில் இப்படிப் பாருங்கள். உள்பக்கத்தைப் புரட்டி, தோள்மூட்டுத் தையலில் விரலை வையுங்கள். தையலின் மேல் வழுவழுப்பான பட்டி ஒட்டியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஊசி போன ஓட்டை ஒவ்வொன்றும் ஒரு கசிவு, விளம்பர அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் சரி. பட்டியின் நுனியை நகத்தால் நிமிண்டிப் பாருங்கள், எழும்பி வந்தால் வைத்துவிட்டு வாருங்கள். தண்ணீர் தாங்கும் அளவு 10,000 மில்லிமீற்றர் என்று போட்டிருந்தால் இந்தப் பயணத்துக்குத் தாராளம். கொழும்பில் ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியதை விற்கும் கடைகளில் பொறுமையாகத் தேடினால் நல்லது கிடைக்கும்.

அம்மா சேலை கட்டுவாரா? கட்டினால் உள்ளே கம்பளிக் காலுறைக் காற்சட்டை போடச் சொல்லுங்கள். முழங்காலுக்கு அதுதான் மருந்து. சேலைக் கரை நனைந்தால் ஈரம் மேலே ஏறிக்கொண்டே வரும், ஆகவே படகுக்குப் போகும் நாளில் மட்டும் சுடிதார் போட்டால் நல்லது.

தெற்குவாசல் | மே 8, இரவு 8.45

நான் டுனீடினில் நாலு குளிர்காலம் இருந்தவன், இப்போது தெஹிவளையில். இந்த இழையை இன்றுதான் கண்டேன். மேலே சொன்னவர்கள் எல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மழை, குளிர் இரண்டையும் விட உங்களை அமத்தப் போவது வெளிச்சம்.

நாம் பிறந்ததில் இருந்து காலை ஆறு, மாலை ஆறு என்று வாழ்கிறோம். பகல் என்றால் நமக்குப் பன்னிரண்டு மணித்தியாலம். அங்கே ஜூனில் எட்டரை மணித்தியாலம்தான் பகல். அதிலும் காலை பத்து வரை நிழல் விழும் வளைவுகளில் ஐஸ் இருக்கும், நாலரைக்கு மறுபடி குளிர் இறங்கும். அம்மாவோடு போகும் உங்களுக்கு வீதியில் இருக்கக்கூடிய நேரம் பத்தில் இருந்து நாலரை. ஆறரை மணித்தியாலம். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர் என்று கேட்காதீர்கள். அந்த ஆறரைக்குள் சாப்பாடு, சிறுநீர், நின்று பார்ப்பது எல்லாம் போக ஓட்டம் எவ்வளவு மிஞ்சும் என்று பாருங்கள். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வராது. என் முதல் குளிர்காலத்தில் இதை விளங்கிக்கொள்ளாமல் ஒவ்வொரு பயணத்திலும் கடைசி ஒரு மணித்தியாலத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு இருட்டில் ஓட்டினேன்.

ஆகவே நான் சொல்வது இது. கிறைஸ்ட்சர்ச்சில் ஒரு இரவு தூங்கி எழும்புங்கள். நேர வித்தியாசமே ஆறரை மணித்தியாலம். அங்கிருந்து விமானத்தில் நேரே இன்வர்கார்கில். ஒன்றேகால் மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. முதலில் தங்கச்சியைக் கண்டு, அம்மா தன் கையால் ஒரு சோறு கறி வைத்துக் கொடுத்துவிடட்டும். இல்லாவிட்டால் மில்ஃபோர்டில் நின்றுகொண்டும் அவருக்கு மகள் நினைவுதான் இருக்கும். இரண்டு நாள் கழித்து மூன்று இரவுக்கு, மில்ஃபோர்டுக்குப் போகும் வழியில் உள்ள தே அனாவ் போங்கள். இன்வர்கார்கிலில் இருந்து இரண்டு மணித்தியாலம், பெரும்பாலும் சமதரை, செம்மறி ஆடு மேயும் புல்வெளி. உங்கள் கணவர் தாராளமாக ஓட்டலாம், இடதுபக்க ஓட்டம் நமக்குப் பழக்கம்தானே. ஒற்றைவழிப் பாலங்களில் மட்டும் கவனம். உங்கள் பக்கத்து அம்புக்குறி சிறியதாய்ச் சிவப்பாய் இருந்தால் எதிரே வருகிறவருக்கு விட வேண்டும்.

தே அனாவில் காரை நிறுத்திவிட்டு மில்ஃபோர்டுக்குப் பஸ்ஸில் போங்கள். சுமார் 120 கிலோமீற்றர். இடையில் எரிபொருள் இல்லை, ஊர் இல்லை, ஃபோன் சிக்னல் இல்லை. மே முதல் நவம்பர் வரை சங்கிலி இல்லாத வாகனம் அந்த வீதியில் போகக்கூடாது. உச்சியில் ஹோமர் சுரங்கம், 1.2 கிலோமீற்றர், 1935 இல் தோண்டத் தொடங்கி 1954 இல்தான் வாகனத்துக்குத் திறந்தார்கள். சுரங்கத்துக்கு இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, அதன் மேல் பனி. பனி பாரமானால் சரிந்து வீதியில் விழும். அப்படியான நாட்களில் வீதியைப் பூட்டிவிடுவார்கள். ஹெலிகொப்டரில் போய் வெடி போட்டு, தாங்களே சரித்து விழுத்திவிட்டுத் திறப்பார்கள்.

மூன்று இரவு என்று சொன்னது அதற்காகத்தான். ஒரு நாள் பூட்டினால் அடுத்த நாள் இருக்கும்.

வீடுகளையும் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியே ஜக்கெற்றோடு நிற்பதை விட, பழைய மரவீட்டுக்குள் இரவு இருப்பதுதான் கூடக் குளிர். தங்கச்சியிடம் அம்மாவின் கட்டிலுக்கு மின்போர்வை போட்டு வைக்கச் சொல்லுங்கள். அங்கே சாதாரணமாக எல்லா வீட்டிலும் இருக்கும் சாமான்.

நிழல்மரம் | மே 9, காலை 9.10

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பனி சரியும் வீதியில் 67 வயது அம்மாவைக் கொண்டுபோக வேண்டிய கட்டாயம் என்ன? பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிறார், அதுவே பெரிய சந்தோஷம். மலை பார்க்க ஆசை என்றால் கிறைஸ்ட்சர்ச்சில் இருந்து கிறேமவுத் வரை ரயில் போகிறது. 223 கிலோமீற்றர், ஐந்து மணித்தியாலம் அளவு. சூடான பெட்டிக்குள் இருந்து பனிமலையைப் பார்க்கலாம். ஒற்றீரா என்ற இடத்தில் எட்டரைக் கிலோமீற்றர் சுரங்கம், 1923 இல் திறந்தது. நாங்கள் அப்பாவை அதில்தான் கூட்டிப்போனோம். பதுளை ரயில் மாதிரியே என்று சொல்லிச் சொல்லி வந்தார்.

தெற்குவாசல் | மே 9, மதியம் 1.25

நிழல்மரம் சொல்வது நியாயமான கவலை. ரயிலும் நல்ல யோசனைதான், முழங்கால் வலி உள்ளவருக்கு அதைவிட வசதி இல்லை. ஆனால் அவர் இத்தனை வருடமாகக் கேட்டது ரயில் அல்ல, மில்ஃபோர்ட்.

வீதி பூட்டுகிறது என்று கேட்டுப் பயப்படுகிறோம். அங்கே பூட்டுவது ஆட்கள் கவனமாக வேலை செய்கிறார்கள் என்பதற்கு அடையாளம். மலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு குழு இருக்கிறது, சந்தேகம் வந்தால் திறக்க மாட்டார்கள். மழைநாளில் மண்சரிவு எச்சரிக்கை வந்த பிறகும் பஸ் ஓடும் வீதிகளில் நாம் போய்ப் பழகியவர்கள். திறந்திருக்கும் நாளில், நல்ல சாரதியோடு, பஸ்ஸில் போகலாம். "இந்த இடத்தில் நிறுத்தாதீர்கள்" என்ற பலகை உள்ள பகுதியில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் இறங்கக்கூடாது.

மழை பெய்தால் சலிக்கவும் வேண்டாம். மில்ஃபோர்டில் காயாமல் ஓடும் பெரிய நீர்வீழ்ச்சி இரண்டு, போவன், ஸ்ரேர்லிங். இரண்டும் 150 மீற்றருக்கு மேல் உயரம். மழை பெய்த ஒரு மணித்தியாலத்துக்குள் பாறை முழுவதும் நூற்றுக்கணக்கில் புதிய அருவிகள் கிளம்பும். மண்ணே இல்லாத கற்பாறை, தண்ணீரைப் பிடித்து வைக்க ஒன்றும் இல்லை. மழை விட்டால் அவையும் நின்றுவிடும். வெயில் நாளில் போனவர்கள் அதைக் கண்டிருக்க மாட்டார்கள்.

அடுப்பங்கரை | மே 9, இரவு 9.50

பேறுகாலத்துக்குப் போகும் அம்மா வெறுங்கையோடு போக மாட்டார், எனக்குத் தெரியும். சரக்குத் தூள், மல்லி, மிளகு, கருவாடு, மாசி எல்லாம் பெட்டியில் ஏறப்போகிறது. விமானத்தில் ஒரு அட்டை தருவார்கள், அல்லது இணையத்தில் நிரப்பச் சொல்வார்கள். சாப்பாட்டுச் சாமான் இருக்கிறதா என்ற கேள்விக்கு "ஆம்" என்று போடுங்கள். ஒரு பக்கெற் மிளகாய்த்தூள் என்றாலும் "ஆம்". சொல்லாமல் பிடிபட்டால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டொலர் தண்டம். சொல்லிவிட்டால் ஆகக்கூடியது அந்தச் சாமானை எடுத்து எறிவார்கள், தண்டம் இல்லை. தேன் மட்டும் கொண்டே போகாதீர்கள், விடவே மாட்டார்கள். முளைக்கக்கூடிய முழு விதைகளை இங்கேயே வறுத்து அரைத்துத் தூளாக்கி, பெயர் எழுதி ஒட்டினால் பார்க்கிறவருக்கும் லேசு.

சப்பாத்தின் அடியில் மண் ஒட்டியிருக்கக்கூடாது. அதையும் பார்ப்பார்கள். பழைய பல்தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள்.

அம்மாவின் மருந்துகள் மூன்று மாதத்துக்குக் கொண்டுபோகலாம். வைத்தியரின் துண்டு ஆங்கிலத்தில், மருந்து அதன் சொந்தப் பெட்டியில் இருக்க வேண்டும். இதைக் கைப்பையில் வையுங்கள். எங்கள் மாமியின் மருந்து சூட்கேஸோடு சேர்ந்து இரண்டு நாள் பிந்தி வந்தது. அந்த இரண்டு நாளும் நாங்கள் பட்ட பாடு.

மழைமானி | மே 10, காலை 6.15

அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள் மகள். ஜூன் கடைசி, ஜூலையில் அங்கே மாவோரி மக்களின் புதுவருடம் வரும். மத்தாரிக்கி என்று பெயர். 2022 முதல் நாடு முழுவதற்கும் விடுமுறை. விடியற்காலையில் ஒரு நட்சத்திரக் கூட்டம் மறுபடி தெரியத் தொடங்குவதைத்தான் கொண்டாடுகிறார்கள். அந்த நட்சத்திரக் கூட்டம் வேறொன்றும் இல்லை, நமது கார்த்திகை. நாம் விளக்கீட்டுக்கு வாசலில் தீபம் வைக்கிறோமே, அதே அறுமீன். விடுமுறைக்கு ஒட்டிய நாட்களில் தங்குமிடம் கெதியாக நிரம்பிவிடும், அதனால் இப்போதே பதிந்துவிடுங்கள்.

வெலிங்ரன் வழியாகத் திரும்பும் வாய்ப்பு வந்தால் தே பாப்பா அருங்காட்சியகத்திடம் விசாரியுங்கள். தமிழ் எழுத்துப் பொறித்த பழைய வெண்கல மணி ஒன்று அவர்களிடம் இருக்கிறது. 1830களில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் வடக்கே ஒரு மாவோரிக் குடியிருப்பில் கண்டெடுத்தார். அவர்கள் அதைக் கவிழ்த்து வைத்துக் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார்களாம். முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று அதில் எழுதியிருக்கிறது. எப்படி அவ்வளவு தூரம் போனது என்று இன்றுவரை ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

கடலோர ஒழுங்கை | மே 11, மாலை 5.05

விமானம், தே அனாவில் சமையலறை உள்ள அறை மூன்று இரவுக்கு, மில்ஃபோர்ட் பஸ், எல்லாம் பதிந்தாயிற்று. பஸ்ஸை இரண்டாம் நாளுக்குப் போட்டிருக்கிறோம், மூன்றாம் நாள் கையில் இருக்கிறது. ஊசிநூல் தம்பி, நீங்கள் சொன்னபடி ஐந்து கடை ஏறி இறங்கி ஒவ்வொரு ஜக்கெற்றையும் புரட்டிப் பார்த்தேன். ஆறாவது கடையில் கிடைத்தது. கடைக்காரர் "நீங்களும் கார்மன்ற்றா?" என்று கேட்டார். போய் வந்து எழுதுகிறேன்.

கடலோர ஒழுங்கை | ஓகஸ்ட் 3, இரவு 8.20

எல்லாருக்கும் நன்றி. பெண் பிள்ளை, ஜூலை 16. தாயும் பிள்ளையும் சுகம். நாங்கள் இருவரும் கொழும்புக்கு வந்துவிட்டோம், அம்மா அங்கே நிற்கிறார். சொன்னபடி எழுதுகிறேன்.

விமான நிலையத்தில் "ஆம்" என்று போட்டோம். ஒரு அதிகாரி சரக்குத் தூளைத் திறந்து மணந்து பார்த்தார். பிள்ளை பெற்ற தாய்க்கு என்று அம்மா ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினார். தூள் எல்லாவற்றையும் விட்டார்கள். ஒரு சின்னப் பையில் வறுக்காத வெந்தயம் இருந்தது, அதை எடுத்துக்கொண்டார்கள்.

தே அனாவில் இரண்டாம் நாள் காலை வீதி பூட்டு. முதல்நாள் இரவு முழுக்க மழை, மேலே அது பனியாக விழுந்திருக்கிறது. பஸ் போகாது என்று ஏழு மணிக்கே செய்தி. அம்மாவின் முகம் வாடிவிட்டது. பிறகு ஏரிக்கரையில் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு நடந்தார். மதியம் பருப்பும் சோறும் ஆக்கினோம். மூன்று இரவு போடச் சொன்ன தெற்குவாசல் அண்ணாவுக்கு அன்றைக்கு எத்தனை தரம் நன்றி சொன்னோம் தெரியுமா.

மூன்றாம் நாள் திறந்தது. ஆனால் பத்தரைக்குப் பிறகு. சுரங்கத்துக்கு முன்னால் பஸ் மெதுவாக ஊர்ந்தது. வீதியின் இரண்டு பக்கமும் வெட்டித் தள்ளிய பனி ஆளுயரத்துக்கு நின்றது, அதில் உடைந்த மரக்கிளைகள் குத்திக்கொண்டு இருந்தன. சாரதி ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸிலும் ஒருவரும் பேசவில்லை. சுரங்கத்துக்குள் சுவர் வழியே தண்ணீர் ஓடுகிறது, பாறையைச் செதுக்கினபடியே விட்டிருக்கிறார்கள். மறுபக்கம் வெளியே வந்தால் பனி இல்லை, மழை.

படகில் எல்லாரும் கண்ணாடிக்கு உள்ளே இருக்க, அம்மா மேல்தட்டுக்கு வந்துவிட்டார். நான் தடுக்கவில்லை. பாறை எங்கே முடிகிறது, மேகம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. வெள்ளை நூல் மாதிரி எங்கே பார்த்தாலும் அருவி. சிலது கீழே விழுந்து சேர முதலே காற்று அள்ளிக்கொண்டு மேலே போனது, தண்ணீர் மேல்நோக்கிப் போவதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். அம்மா எண்ணத் தொடங்கி நாற்பதோடு விட்டுவிட்டார்.

ஸ்ரேர்லிங் அருவிக்குக் கிட்டப் படகைக் கொண்டுபோனபோது எல்லாரும் நனைந்தோம். ஜக்கெற்றின் தோளில் ஒரு சொட்டு இறங்கவில்லை, ஊசிநூல் தம்பி. திரும்பி வரும்போது அம்மா படகுத்துறையில் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றார். கரையோரம் தண்ணீர் பால் விடாத பிளேன்ரீ நிறம். காட்டில் இருந்து மழை கழுவிக்கொண்டு வரும் சாயமாம், கடல்தண்ணீருக்கு மேல் தனிப் படையாக நிற்குமாம். அந்தப் படை வெளிச்சத்தை மறைப்பதால், பெரும்பாலும் ஆழ்கடலில் வளரும் கருப்புப் பவளம் இங்கே பத்து மீற்றர் ஆழத்திலேயே இருக்கிறது என்று படகில் சொன்னார்கள். அம்மா கையுறையைக் கழற்றி ஒரு கை அள்ளிப் பார்த்தார். "ஃபக்டரிக் கானில ஓடுற தண்ணி இப்பிடித்தான் இருக்கும்" என்றார். அவருடைய அப்பா நோர்வூட்டில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்.

நாலரைக்குத் தே அனாவுக்கு வந்து சேர வேண்டிய பஸ் ஆறரைக்கு வந்தது, காலையில் பிந்தித் திறந்ததால். இருட்டிலே அந்த வீதியைக் கடந்தோம். கணவர் என் காதுக்குள் சொன்னார், "நான் ஓட்டியிருந்தால்..." அதற்கு மேல் சொல்லவில்லை.

மழைமானி சேருக்கு ஒன்று. நேற்றுத் தங்கச்சி வீட்டில் இருந்து அம்மா வீடியோவில் பேசினார். பிள்ளை விடியற்காலை ஐந்தரைக்கே எழும்பிவிடுகிறதாம். தங்கச்சியைத் தூங்க விட்டு, பிள்ளையைக் கம்பளிக்குள் சுற்றிக்கொண்டு சமையலறை யன்னலில் நிற்பாராம். மழை விட்ட ஒரு நாள், ஆறரை மணி, இன்னும் நல்ல இருட்டு. வடகிழக்கில், எதிர்வீட்டுக் கூரைக்குக் கொஞ்சம் மேலே கார்த்திகை. தலைகீழாக நிற்கிறது என்கிறார். கையை யன்னலில் வைத்துக் காட்டினார், இப்படி, இப்படி என்று. பிள்ளையின் முகத்தையும் அந்தப் பக்கம் திருப்பிக் காட்டினாராம்.

மழைமானி | ஓகஸ்ட் 4, காலை 6.05

தென்கோளத்தில் தலைகீழாகத்தான் தெரியும், அம்மா சரியாகப் பார்த்திருக்கிறார். பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தீர்கள்?